டெக் காயும் வரை

வீடியோ டெக்குக்குள் கைவைக்கப் பெண்களுக்குப் பொறுமை போதாது என்றார், பதுளையில் ஜெயமலர் வேலை பழகிய கடையின் முதலாளி. அவள் எதிர்ப்பக்கமே ஒரு கடை போட்டாள். இருபத்திரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் யாரிடமாவது பழுதான டெக் இருந்தால் அது அவளிடம்தான் போகும்.

கொஸ்லந்தவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணபதியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் தாய் மாரியாயிக்கு எண்பத்தாறு வயது. படுக்கையில் அவரைப் பராமரிப்பது நான். நாட்கள் அதிகமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். புருஷன் பக்கத்தில் புதைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. தோட்ட நிர்வாகமோ அந்த இடத்தை வேலியடைத்துவிட்டு, அங்கே மயானமே இருந்ததில்லை என்றது. இருந்ததைக் காட்ட மிஞ்சியது தொண்ணூற்று நான்கில் எடுத்த அவர் புருஷனின் சாவு வீட்டு வீடியோ ஒன்றுதான். பிரதி செல்லாது, அசல் கசெட்டையே இரு தரப்புக்கும் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும் என்றார் காணி அதிகாரி சிவசுப்பிரமணியம்.

ஜெயமலர் தளர்ந்த பெல்ட்டை மாற்றினாள். நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தாள். நாடாவில் படிந்திருந்த பூஞ்சையை எடுத்தாள். கடையில் படம் வந்தது. விசாரணை நாளன்று டெக்கைச் சுமந்து மூடுபனியில் மேடேறி, விசாரணை நடக்கும் மாரியாயியின் லயத்து வீட்டுக்கு வந்தாள். உள்ளே எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஆவி. கசெட்டைப் போட்டாள். டெக் வெளியே தள்ளியது. மறுபடி போட்டாள். மறுபடி தள்ளியது.

"திருத்தியாச்சு எண்டு சொன்னியள்?" அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "நாலரை பஸ்ஸை விட்டால் எனக்கு வேற பஸ் இல்லை."

"டெக்கு நல்லாத்தான் இருக்கு சேர். குளிர்ல இருந்து சூட்டுக்கு வந்ததும் உள்ள வேர்த்திருச்சு. ஈரம் இருந்தா ஓட விடாம ஒரு சின்னத் துண்டு உள்ள இருக்கு. காய ஒரு மணித்தியாலம் ஆகும்."

நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்த கிளாக்கர் சிரித்தார். "அந்தத் துண்டக் கழட்டிப் போடுறதுதானே?"

"போடலாம். டேப்பு ஈரத்துல ஒட்டிக் கிழியும். உங்க வேலிக்கு நல்லதுதான்."

அதிகாரி எழுந்தார். ஜெயமலர் முக்காலியை இழுத்து வாசலை அடைத்து உட்கார்ந்தாள்.

"பஸ்ஸு நாளைக்கும் வரும் சேர். இது கிழிஞ்சா வராது. உக்காருங்க."

நான் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தேன். உள்ளறையில் மாரியாயியின் காலடியில் இருந்த சுடுதண்ணீர்ப் பையை எடுத்தேன்.

"ஏ புள்ள, என் சூட்டைத் திருடுறியா?"

"உங்க குழிக்குத்தான் பெரியம்மா."

"அப்ப கொண்டு போ."

பையைத் துவாயில் சுற்றி டெக்கின் மேல் வைத்தேன். நாலரை பஸ் போனது. அதிகாரி உட்கார்ந்தே இருந்தார்.

ஐந்து மணிக்குப் போட்டபோது கசெட் உள்ளேயே தங்கியது. படம் நடுங்கியது, பிறகு தெளிந்தது. சவப்பெட்டி, பறை, பிளந்த பாறை, அதன் பின்னால் வரிசையாக மண்மேடுகள். அதே பாறையை ஒட்டித்தான் இப்போது வேலி போகிறது. அதிகாரி இரண்டு தரம் போடச் சொன்னார். வெளியே போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மயானம் இருந்தது எண்டு எழுதுறன். வேலியைக் கழட்டச் சொல்லியும் எழுதுறன்."

வீடியோவைப் பார்த்ததாகக் கிளாக்கரும் கையெழுத்துப் போட்டார். அதிகாரியை ஆட்டோவில் கொண்டுபோய் விடக் கணபதி ஓடினான்.

உள்ளறையிலிருந்து மாரியாயியின் குரல் வந்தது.

"பாத்தாச்சுல்ல? பையைக் குடு. கால் விறைக்குது."