பதியுதீனின் நிலையான விலாசம்

இராணுவத்தில் சேருகிறவன் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'நிலையான விலாசம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தப் படிவத்தை அச்சடித்தவர்களுக்குக் கல்முனைக் கரை ஆண்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இங்கே ஓர் ஆண் பிறந்து வளர்வது உம்மாவின் வீட்டில். அக்காளுக்குக் கலியாணமானதும் அது அக்காளின் சீதன வீடு. தனக்குக் கலியாணமானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போக வேண்டும். மகள் பெரியவளானால் அந்த வீடும் மகளுக்கு. மையவாடியில் அடக்கமாகும்வரை யாராவது ஒரு பெண்ணின் வீட்டில்தான் அவன் இருந்தாக வேண்டும்.

சாய்ந்தமருதுப் பதியுதீன் 1985இல், இருபத்தொரு வயதில் அந்தக் கட்டத்தில் உம்மாவின் வீட்டு விலாசத்தை எழுதினான். அன்றைக்கு அதில் பிழையே இல்லை. உம்மா மௌத்தான பிறகு அந்த வீடு மூத்த அக்காள் சரீபாவுக்கு ஆனது. 1988இல் அவன் மருதமுனையில் ஜெமீலாவைக் கலியாணம் முடித்து, அவளுடைய வீட்டுக்குப் போனான். அந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவனுக்கு மேலே இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

1991இல் வடக்கில் ஒரு முகாமில் அவனுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து வெடித்தது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இடது காது முழுதாகப் போனது, வலது காதில் கால்வாசி மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குப் போ. வைத்தியசபை கூடும்போது கடிதம் வரும். அதுவரை வீட்டிலேயே இரு" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு வருடம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகியவன். வீட்டிலேயே இருந்தான்.

ஜெமீலாவின் வீட்டில் நான்கு தறிகள். நெய்கிறவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தத்தில் தலையிடி. பதியுதீனுக்கு அந்தத் தொல்லை இல்லாததால் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பஸ் ஏறிச் சாய்ந்தமருதுக்குப் போய், ஜும்ஆ தொழுதுவிட்டு, ராத்தா சரீபாவின் வீட்டில் சாப்பிடுவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"ராத்தா, கடிதம் வந்தயா?"

"வரல்ல."

சில வெள்ளிக்கிழமைகளில் அவள் இதைச் சொல்லிவிட்டுச் சோற்றோடு இரண்டு முட்டை வைப்பாள். முட்டை ஏன் என்று அவன் கேட்டதில்லை. தங்கள் இளைய தம்பி றுமைஸ் தொண்ணூறாம் ஆண்டு வயலுக்குப் போய்த் திரும்பி வராமல் போனதிலிருந்து, ராத்தா அவனுக்குச் சோறு போடும் விதமே மாறிப் போயிருந்தது.

கடிதம் வரவில்லை, சம்பளமும் நின்றது. இரண்டு தரம் பக்கத்து முகாம் வாசலில் போய்க் கேட்டான். காவலுக்கு நின்றவன், தலைமையகத்திலிருந்து அறிவிப்பார்கள் என்றான். 1993இல் ஒரு நாள், வேலைக்குத் திரும்பாதவர்களுக்கெல்லாம் விலக்கற் பத்திரம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்று ஒன்றை வாங்கி வந்தான். பதியுதீன் சிங்களத்தில் பேசுவான், பகிடி விடுவான், நன்றாகத் திட்டவும் செய்வான். வாசிக்க மட்டும் தெரியாது. காதுக்காக விட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்தான். மூன்று வருடம் அது அங்கே கௌரவமாகக் கிடந்தது.

1996இல் ஒரு கந்தோரில் காவலாளி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். முன்னாள் படைவீரருக்கு முதலிடம் என்றார்கள். அங்கே விண்ணப்பம் வாங்கிய நதீரா என்ற பெண்ணுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். பத்திரத்தைப் பார்த்தவள் தலையை நிமிர்த்தாமல் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"ஆ?" என்றான் பதியுதீன்.

மறுபடி சொன்னாள். மறுபடி "ஆ?" என்றான். பாவம், அவள் என்ன செய்வாள். தொண்டையைத் திறந்தாள்.

"காக்கா, இதில ஒங்கட காதப் பத்தி ஒண்டும் இல்ல! நீங்க ஆமியிலிருந்து ஓடிப்போனதெண்டு எழுதிரிக்கி!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். பதியுதீன் பத்திரத்தை வாங்கி உறைக்குள் போட்டான். வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். அப்படி ஒன்றும் இல்லை, முகம் மட்டும் மரத்துப்போன மாதிரி இருந்தது. வரும் வழியில் ஜெமீலா சொல்லியிருந்த பருப்பை மறக்காமல் வாங்கினான்.

விசயம் தெரிந்ததும் ஜெமீலா அலுத்துக்கொண்டாள். "அது கிடக்கட்டுமே. தார் சுத்திறத்துக்கு ஆமிப் பேப்பரா கேக்கிறாங்க?"

"நான் ஓடல்ல" என்றான்.

மறுநாளும் அதையே சொன்னான். சாப்பிடும்போது சொன்னான், நூல் அறுந்தபோது சொன்னான். மகள் சஹ்லா பாடசாலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அந்தப் பிள்ளையிடமும் சொன்னான். ஒரு வாரம் இதைக் கேட்ட ஜெமீலா, தானே அவனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்து, போய் ஏதாவது செய்துவிட்டு வாருங்கள் என்று கல்முனைக்கு அனுப்பினாள்.

கல்முனையில் நீதிமன்றத்துக்கு எதிரே கனகரெத்தினம் ஐயா மனு எழுதிக் கொடுப்பார். பாண்டிருப்புக்காரர். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர், மூன்று மொழியும் எழுதுவார். பதியுதீனிடம் எதிரே இருந்து கேள்வி கேட்பது வீண் என்று முதல் நாளே புரிந்துகொண்டு, அவன் வலது பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். விலகிய காரணத்தைத் திருத்தித் தரும்படி ஒரு மனு போனது. பதில் இல்லை. இன்னொன்று போனது. மூன்றாவது மனுவுக்கு ஒரு தடித்த உறை வந்தது. ஐயா வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு மறுபடி வாசித்தார்.

"தம்பி, மூண்டு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறாங்கள். மூண்டும் கிடைச்சதெண்டு கையெழுத்தும் இருக்கு. படம் பிடிச்சு அனுப்பியிருக்காங்கள், இஞ்ச பாருங்க."

பதியுதீன் பார்த்தான். தாளில் மூன்று ஒப்புதல் அட்டைகளின் படம், மூன்றிலும் ஒரே பெயர். பாடசாலைப் பக்கமே போகாத ஒருத்தி, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி அழுத்திப் போட்ட கையெழுத்து. அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அதுதான். அதை அவளுக்கு எழுதப் பழக்கியவனே அவன்தான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சரீபா முற்றத்தில் குந்தியிருந்து கீரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கிழமை மாறி வந்தவனைக் கண்டதும் கத்தியை வைத்தாள். அவன் தாளை நீட்டினான். அவள் பார்த்துவிட்டு, மீனைப் பார்த்தபடி வாயை அசைத்தாள்.

"கேக்கல்ல, ராத்தா."

அவள் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள்.

"சத்தமாச் சொல்லு."

ஐந்து வருடம் தலையணைக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் எழுந்து நின்று கத்த வேண்டியதாயிற்று.

"நான்தான் ஒளிச்சன்! மூண்டையும் நான்தான் ஒளிச்சன்! வயலுக்குப் போன ஒருத்தன் வரல்ல. சண்டைக்குப் போனவன் மட்டும் வந்திருவானா? நீயும் போனா நான் ஆருக்குடா வெள்ளிக்கிழம சோறு ஆக்கிற?"

கிடுகு வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுப் பெண்கள் மா இடித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு மேலே போன உலக்கை கீழே வராமல் அங்கேயே நின்றதைப் பதியுதீன் கண்டான்.

சரீபா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். றுமைஸின் இரண்டு சேட்டுக்கு அடியில் மூன்று மண்ணிற உறைகள். ஒன்றும் உடைக்கப்படவில்லை.

"உடைச்சிப் பாக்கல்லயா?"

"அடுத்தவன்ட கடிதத்த உடைக்கிற ஹறாம்டா!" என்று அவள் கத்தினாள். அவளுடைய கணக்கில் ஒளிப்பது வேறு, உடைப்பது வேறு.

அவன் கோபம் வரும் என்று காத்திருந்தான். ஒன்றையும் காணோம். ராத்தா அழுதுகொண்டே மீனைக் கழுவிப் பொரித்தாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். உப்பு அதிகமாக இருந்தது, முள்ளை மட்டும் மிச்சம் வைத்தான்.

உறைகளைக் கண்டதும் கனகரெத்தினம் ஐயா நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். "தொட்டுப்போடாதீங்க! உடைக்காம இருக்கிறதுதான் நமக்குப் பலம். நீங்க வாசிக்கல்ல எண்டதுக்கு இதவிட என்ன அத்தாட்சி வேணும்?"

பிறகு குரலை இறக்கப் பார்த்து, அது முடியாத காரியம் என்று நினைவு வந்து, வலது காதுக்குக் கிட்டவாக வந்து சொன்னார். "ஆனா உங்கட அக்கா சமாதான நீதவானுக்கு முன்னால சத்தியம் பண்ணிச் சொல்லோணும். பதிவுத் தபாலை மறைக்கிறது குற்றம், தம்பி. நான் முப்பத்தொரு வருசம் தபால் கந்தோரில இருந்தவன். அவங்களுக்கு வழக்கு வந்தாலும் வரும், யோசிச்சுச் செய்யுங்க."

பதியுதீன் யோசித்தான். ஒரு வாரம் தார் சுற்றிக்கொண்டே யோசித்தான். ஓடிப்போனவன் என்ற பெயர் ஒரு பக்கம், ராத்தா வழக்குக் கூண்டில் நிற்பது மறு பக்கம். இரண்டையும் எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும் எதுவும் அவனுக்குள்ளே போய்ச் சுடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதுக்குப் போனவன், இந்த விசயத்தை விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தான். சரீபா இருப்பதில் நல்ல சாரியை உடுத்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

"எந்த நீதவானெண்டாலும் கூட்டிப் போ! நான் செஞ்சத நான் சொல்றன்! ஓடிப்போன எண்ட பேரு ஒனக்கு வேணா!"

சமாதான நீதவான் அவள் சொன்னதை எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் தனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல்லை நான்காவது தடவையாக எழுதினாள்.

1997 மார்ச்சில் அம்பாறைப் பக்கம் ஒரு முகாமுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி வயதானவர், அவசரப்படாதவர். பதியுதீனின் வலது காது தன் பக்கம் இருக்கும்படி உட்காரச் சொல்லிவிட்டு, உறைகளை அவனுக்குக் காட்டியே வெட்டினார். முதல் கடிதத்தை மனதுக்குள் வாசித்தவர், ஒரு தரம் அவனைப் பார்த்தார். பிறகு உரத்து, சொல் சொல்லாக வாசித்தார்.

வைத்தியர்கள் முடிவு செய்துவிட்டார்கள். காது கேளாததால் நீ இனிச் சேவைக்குத் தகுதியில்லை. இன்ன நாளில் வந்து சபைக்கு முன் கையெழுத்துப் போட்டு, மருத்துவக் காரணத்தோடு, நற்பெயரோடு வீட்டுக்குப் போகவும். இரண்டாவது கடிதமும் அதேதான். மூன்றாவதில் மட்டும், இதற்கும் வராவிட்டால் தப்பியோடியவன் என்று பதிவாகும் என்ற ஒரு வரி கூடியிருந்தது.

சண்டை என்ற சொல்லே மூன்றிலும் இல்லை.

"இதை ஒளித்தது உன் அக்காவா?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"ஆம் சேர்."

"ஏன்?"

"திரும்பச் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள்."

அதிகாரி கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "இதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர்."

அவர் சரீபாவின் சத்தியக் கடதாசியைக் கோப்பின் அடியில் செருகினார். வழக்கு என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. காரணத்தைத் திருத்தச் சிபாரிசு செய்வதாகவும், புதிய பத்திரம் பதிவுத் தபாலில் வரும் என்றும் சொல்லிவிட்டுப் பேனையைத் திறந்தார். "நிலையான விலாசம்?"

பதியுதீன் ஜெமீலாவின் வீட்டை நினைத்தான். பிறகு சாய்ந்தமருது விலாசத்தைச் சொன்னான்.

அதிகாரி நிமிர்ந்தார். "அதே விலாசமா?"

"அதே விலாசம்தான் சேர்."

கனகரெத்தினம் ஐயா ஒரு துண்டுத் தாளில் சிங்களத்தில் ஒரு சொல்லை எழுதிக் கொடுத்திருந்தார். 'மருத்துவக் காரணம்' என்ற சொல்லாம். பத்திரம் வந்தால் இது இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பதியுதீன் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதினொரு வெள்ளிக்கிழமை போய் வந்தான். பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்ற முன்னமே சரீபா வாசலில் நின்று கத்தினாள்.

"வந்திரிக்கி!"

பாயில் சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் உறை இருந்தது. காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். உடைக்கவில்லை. அவன் உடைத்து, துண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டான். அதே சொல்தான்.

சந்தோசம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பத்திரத்தை மடித்தான்.

"சரியா?" என்று ராத்தா கேட்டாள்.

"சரி."

அவள் எதிரே உட்கார்ந்தாள். முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு சத்தமில்லாமல் கேட்டாள். அவன் அவளுடைய உதட்டைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டான்.

"அந்த மூண்டிலயும் என்னடா எழுதியிருந்த?"

வேலிக்கு மேலே உலக்கை போவதும் வருவதுமாக இருந்தது. பதியுதீன் அதை ஒரு தரம் பார்த்தான். ஷெல் விழுந்த நாளிலிருந்து தன் குரலின் அளவு அவனுக்குத் தெரிந்ததில்லை. இந்தத் தடவை மட்டும் தெரிந்தே உயர்த்தினான்.

"சண்டைக்கு வரச் சொல்லித்தான் எழுதியிருந்த, ராத்தா! உடனே வா எண்டு! மூண்டிலயும் அதுதான்! நீ தந்திருந்தா நான் போயிருப்பன்!"

உலக்கை மேலேயே நின்றது.

சரீபா முக்காட்டை விட்டாள். "எனக்குத் தெரியும்டா" என்று உதட்டை அசைத்தாள். பிறகு ஒரு முட்டையை அவனுக்கு வைத்தாள், தனக்கென்று எடுத்திருந்த மற்றதையும் அவன் பீங்கானிலேயே வைத்தாள்.