நீலக் குடையில் ஒரு பொத்தல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் காய்கறிப் பையோடு தெருமுனை திரும்பியவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் மாடியில் அவள் வீட்டுப் பால்கனி பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. புறாத் தொல்லைக்கு அண்ணன் ஒருவழியாக ஏதோ செய்துவிட்டார், பரவாயில்லை, மனுஷன் எழுந்து நின்று ஒரு வேலை பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் பிறகு அவளுக்கு வயிறு எரிந்தது.

கம்பியில் ஆறு சிடிக்கள் நூலில் ஆடிக்கொண்டிருந்தன. ஐந்து பழைய குப்பை. ஆறாவதில் ஒரு நீலக் குடை படம். நடு ஓட்டைக்குப் பக்கத்திலேயே சூடான ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டு, இரட்டை நூல் கட்டியிருந்தார். அப்போதுதான் நன்றாகச் சுற்றுமாம். அதற்கு நேர் கீழே, கைப்பிடிச் சுவரில், இரண்டு புறாக்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

பையைப் போட்டுவிட்டு நூலை அறுத்தாள். தக்காளி உருண்டு சோபாவுக்கடியில் போனதை யாரும் எடுக்கவில்லை.

அந்த நீலக் குடையின் கதையைச் சொல்லாவிட்டால், ஒரு சிடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நீங்களும் கேட்பீர்கள். கேட்கிறவர்கள்மேல் அவளுக்கு ஏற்கெனவே போதுமான கோபம் இருக்கிறது.

அவள் பல் செட் செய்கிறவள். ஒற்றை நாற்காலி கொண்ட ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக மெழுகு, அச்சு வார்க்கும் மாவு, பொய்ப்பல். ஆறு வருஷத்துக்கு முன் மகள் வீட்டில் ஒரு ஜப்பான் அனிமே தொடர் பார்ப்பாள். கலங்கரை விளக்கத்துக்குத் தபால் கொண்டுபோகும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஆரம்பப் பாட்டு வந்ததும் மகள் ஓட்டிவிடுவாள். சமையலறையிலிருந்து இவள் கத்துவாள்: "தள்ளாதடி! அதுதான் நல்லா இருக்கு." மகளுக்குத் தொடர் அலுத்துப்போனது, படிக்க வெளியூர் போனாள். இவளுக்குப் பாட்டு அலுக்கவில்லை. தேடிப் பிடித்தாள். பாடிய பெண்ணின் ஆல்பத்தில் அது மூன்றாவது பாட்டுதான், அதோடு இன்னும் பத்துப் பாட்டு இருக்கிறது என்று தெரிந்தபோது, பிறந்தநாள் மாதிரி இருந்தது அவளுக்கு. சிடிக்கு ஆர்டர் போட்டு நாற்பது நாள் காத்திருந்தாள். ஜப்பான் மொழியில் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து 'நீலக் குடை' என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிப் பின்னறையில் ஒரு பழைய பிளேயர் உண்டு. மாவுக் கையோடு போனைத் தொட முடியாது, பிளேயரை முழங்கையால் தட்டினால் போதும். வாய்க்கு அச்சு எடுப்பதும் அங்கே அவள் வேலைதான். மூன்றாவது பாட்டு தொடங்கும்போது பவுடரில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவாள். முதல் பல்லவி முடியும்போது பசை ட்ரேயில் ஏறி, ட்ரே வாய்க்குள் போய்விடும். கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று இரண்டு தாளம் மௌனம் வரும். பசை சரியாக இறுகியிருக்கும் அந்த மௌனத்தில் ட்ரேயை வெளியே எடுப்பாள். ஆறு வருஷத்தில் ஒரு அச்சும் கிழிந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பாடகிக்கும் கம்பெனிக்கும் சண்டையாம். இணையத்தில் இருந்த பாட்டெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின. அதற்குப் பிறகு உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு தட்டு. வாராவாரம் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிறு காலை மெல்லிய துணியால் துடைத்து உறையில் போடுவாள். இந்த ஞாயிறும் துடைத்துவிட்டுத்தான் காய்கறிக்குப் போனாள்.

அண்ணன் முன்னாள் பஸ் கண்டக்டர். 'ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்' என்று வந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக வாயில் ஒரு பல் கிடையாது. செட் கட்டிக்கொள் என்றால் பயம். தெருவில் யாருக்கும் அவர் பேச்சு புரியாது. கடைக்காரர் இவளைப் பார்த்து, "உங்கண்ணன் என்ன கேக்குறாரு?" என்பார். இவள்தான் சொல்லவேண்டும்.

"புரியாத பாட்டுக்கு எதுக்கும்மா இவ்ளோ கோபம்?" என்றார் அண்ணன், பொக்கை வாயால்.

"நீ பேசுறது மட்டும் யாருக்குப் புரியுது? ரெண்டு வருஷமா நான் உக்காந்து கேக்கல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முனகினார். தப்புதான், மன்னிச்சிடு என்றார். அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

"புரியல," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பிளேயரில் போட்டுப் பார்த்தாள். உள்ளே கரகரவென்று சுற்றிவிட்டு, தட்டே இல்லை என்று காட்டியது. இருக்கிறதை உள்ளே போட்டுவிட்டு இல்லை என்று படிக்கும்போது எவ்வளவு ஆத்திரம் வரும்!

அன்றைக்குத்தான், அவள் மாதக்கணக்கில் கெஞ்சியதற்குச் சம்மதித்து, அண்ணன் பத்து மணிக்கு அச்சுக் கொடுக்க வந்திருந்தார். பயந்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பவுடரைக் கொட்டி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கிளறினாள். கடிகாரம் சும்மா நகர்ந்ததே தவிர, கைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ட்ரேயை வாயில் வைத்தாள். கோபம் உந்தித் தள்ள, அரை நிமிஷம் முன்னாலேயே இழுத்துவிட்டாள். முன்பக்கம் பசை பிய்ந்து அவர் ஈறிலேயே ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷக் கை! கற்றுக்கொள்ள வந்த முதல் வாரத்தில்கூட இப்படி நடந்ததில்லை.

"பாரு! இதுவும் உன்னாலதான்!"

மறுபடி பவுடர். மறுபடி ட்ரே. இந்த முறை வாய் அடைபட்டதும் ஆரம்பித்தாள்.

"சமையலும் வேலையுமா ஓடுற இந்த வீட்டுல எனக்குன்னு என்ன இருந்துச்சு? ஒரு புடவை கேட்டேனா? ஒரு ஊர் சுத்தினேனா? அந்தப் பொண்ணு என்ன பாடுறான்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா அவ பாடினா, நான் யாருக்கும் தங்கச்சி இல்ல, யாருக்கும் அம்மா இல்ல. அதுல ஆணிய வெச்சியே, உனக்குக் கை கூசல?"

அவர் கண் மட்டும் அவளையே பார்த்தது. பிறகு மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. திணறுகிறார் என்று பதறி ட்ரேயைத் தொட்டவள், கையை நிறுத்தினாள்.

அது மூன்றாவது பாட்டு. முதல் பல்லவி முடிந்த இடத்திலிருந்து, சுதி பிசகாமல் வந்துகொண்டிருந்தது. நடுவில் வரும் அந்தச் சின்ன வளைவுகூட இருந்தது. கடைசிப் பல்லவிக்கு முன் மனுஷன் நிறுத்தினார். இரண்டு தாளம். அவள் கை தானாக இழுத்தது.

அச்சு சுத்தமாக வந்தது. ஒரு குமிழி இல்லை.

"அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"ஆறு வருஷமா அடுப்படியில அத முணுமுணுக்கிறியே," என்றார் வாயைக் கொப்பளித்துக்கொண்டு.

"தெரிஞ்சும் ஏன் அத எடுத்த? அங்க நூறு குப்பை கிடந்துச்சே!"

அண்ணன் வெகுநேரம் துண்டால் வாயைத் துடைத்தார். "அந்தப் பாட்டு அதுலதான் இருக்குன்னு தெரியாது. இருக்கறதுலயே அதுதான் நல்லா மின்னிச்சு."

அவள் திரும்பிக்கொண்டு அச்சில் மாவு ஊற்றினாள். ஞாயிறுதோறும் துடைத்த துணி கண்முன் வந்தது. தான் துடைக்காமல் விட்டிருந்தால் தப்பித்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும், அதற்கும் சேர்த்து அவர்மேலேயே கோபம் வந்தது. மன்னிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதை அங்கேயே அடக்கினாள்.

ஆனால் செட்டில் குறை வைக்கவில்லை. கோபத்தை வேலையில் காட்டுவது அவள் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை அண்ணன் அதை மாட்டி, கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை எட்டிய அதே கணீர்க் குரலில் சொன்னார்:

"தப்புதாம்மா. என்னை மன்னிச்சிடு."

முன்னறையில் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்போ புரிஞ்சுது," என்றாள். அடுத்தவருக்கான பவுடரைக் கிண்ணத்தில் கொட்டினாள். "உக்காரு. பாடு."

அவர் சந்தோஷமாகத் தொண்டையைச் செருமி மூன்றாவது பாட்டைத் தொடங்கினார்.

"அது இல்ல. நாலாவது."

அண்ணன் வாய் திறந்தபடி நின்றது. அவள் செய்த பல் வரிசை அழகாகத் தெரிந்தது. அவள் முணுமுணுத்தது மூன்றாவதை மட்டும்தான். மற்றவற்றை அந்த வீட்டில் யாருமே கேட்டதில்லை.

"நாலாவது தெரியாதும்மா."

"அஞ்சாவது?"

அவர் தெரியாதென்று தலையை ஆட்டினார்.

"எனக்கும் மறக்க ஆரம்பிச்சிடுச்சு," என்றாள் அவள். கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, அவரைப் பார்க்காமல் கிளறத் தொடங்கினாள்.