மூன்று குழிக்கு ஒரு மனிதன்

கோல்ஃப் ஆடுகிறவன் வாக்குத் தவறமாட்டான் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். தன் அடிகளைத் தானே எண்ணித் தானே எழுதிக்கொள்ளும் ஆட்டமாம் அது. ஆகவே அதை ஆடுகிறவன் யோக்கியன் என்று துரைமார் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதே துரைமாரின் பந்து புதரில் விழும்போதெல்லாம் அதைக் கால் விரலிடுக்கில் கவ்வி, யாருக்கும் தெரியாமல் நல்ல புல்லில் கொண்டுவந்து போட்டவன் நான்தான். பதினைந்து வருடம் மட்டைப் பை சுமந்தபோது பழகிய வித்தை. இருந்தும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடுதான் ஜப்பான்காரன் கணக்கில் 2603ஆம் ஆண்டு, நம் கணக்கில் 1943, சிரம்பானிலிருந்து மலாக்காவுக்குக் கிளம்பினேன். சுப்பையாவின் மனைவி மீனாட்சி ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தாள். சுப்பையாவும் நானும் ஒன்றாகப் பை சுமந்தவர்கள். பிறகு நான் சிரம்பானிலும் அவன் மலாக்காவிலும் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ‘புரொபஷனல்’ ஆனோம். பெயர்தான் பெரிது. கிளப்பிலிருந்த துரைகள் அத்தனை பேரையும் நான் தோற்கடித்த வருடம், கோப்பையைச் சமையல்கட்டு வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். முன்வாசலில் எங்கள் கால் படக்கூடாதாம். சண்டை வந்ததும் அந்த முன்வாசல் வழியாகவே ஓடினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது சுப்பையாவிடம் பாடம் கேட்ட ஜப்பான் அதிகாரியின் பந்து நேராகப் போகவில்லை. அந்தக் குற்றத்துக்கு வாத்தியாரைப் பிடித்து முகாமில் அடைத்து, பெயரை, போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதைக் கூலிப் பட்டியலில் எழுதிவிட்டார். இப்படியும் ஒரு நியாயம்! வேறு வாத்தியார் வந்து, திடலில் மிஞ்சியிருந்த மூன்று குழிகளையும் அதிகாரி பதினைந்து அடிக்குள் முடிக்கும்படி செய்தால் பெயரை அடித்துவிடுவாராம்.

முதல் நாள், காலை ஏழு மணி, டோக்கியோ நேரம். சூரியனுக்கு அது ஐந்தரை. அது ஒன்றுதான் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளாமல் இருந்தது. மட்டைகளைச் சாக்கில் சுருட்டி, மேலே மரவள்ளிக் குச்சிகளைச் செருகிக்கொண்டு ரயிலேறினேன். தம்பின் வரை முப்பது மைல் சொச்சம். இறங்கியதும் ஜப்பான் காவலாளிக்கு இடுப்பு வளைத்து வணங்கினேன். பக்கத்தில் நின்றவருக்கும் வணங்கினேன். அது தூண். பட்டப்பகல்.

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் கிடையாது; தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதைப் போட ஆளையும் இங்கிருந்தே பெயர்க்கிறார்கள். மிச்சம் இருபத்து நான்கு மைலுக்குக் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் லாரி. ஐந்து வெள்ளி, ஜப்பான்காரன் அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டில்.

“மூட்டையில என்னண்ணே, துப்பாக்கியா?” என்றார் ஓட்டுநர்.

“கோல்ஃப் மட்டை.”

“அத வச்சி மரவள்ளி தோண்டலாமா?”

“முடியாது.”

“அப்புறம் எதுக்குண்ணே சொமந்துகிட்டு? ரோட்டுல செக்கிங் இருக்கு. நா ஒங்கள பாத்ததே இல்ல, சரியா?”

சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒரு மட்டையை உருவினான். நான் நடுங்கியபடியே காற்றில் ஒரு வீச்சு வீசிக் காட்டினேன். அவன் சிரித்தான். மட்டையைத் திரும்பச் செருகிவிட்டு வழிவிட்டான்.

பிற்பகல் மூன்றுக்கு மலாக்காவில் சுப்பையா வீடு இருந்த காஜா பெராங். மீனாட்சி பல தலைமுறைக்கு முன்பே இவ்வூரில் குடியேறிய செட்டிக் குடும்பத்துப் பெண். சாமிப் பெயர்கள் தமிழ், பேச்சு மலாய். வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அண்ணே, தாங்ஙான் கெத்தார்!” என்று என் கையைக் காட்டினாள். நடுக்கம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பிறகு தன் மலாயில் கேட்டாள்: “இந்தக் கையை வைத்தா அவரைக் கூட்டிவரப் போகிறீர்கள்?”

“கையை நம்பி வரவில்லை தங்கச்சி. காலை நம்பி வந்தேன்” என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக முகாமில் அவரைப் பார்க்க விடவில்லை என்றாள்.

இரண்டாம் நாள், காலை ஒன்பது. கோல்ஃப் திடலில் மூன்று குழிகளைத் தவிர மற்றதெல்லாம் மரவள்ளி. இருபது வருடம் சுப்பையா சீப்பு வைத்து வாராத குறையாகக் காத்த புல்! அதிகாரி பளபளக்கும் பூட்ஸோடு வந்தார். அவர் வீச்சைப் பார்த்ததுமே புரிந்தது: ஒரு காலையில் திருத்தக்கூடிய வீச்சல்ல அது, விறகு பிளக்கும் வீச்சு.

“தோளைத் தளர்த்துங்கள், துவான்” என்று வாத்தியார்போல முழங்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு முன்னே ஓடினேன். பந்து மரவள்ளிக்குள் பாய்ந்தது. விரலிடுக்கில் கவ்வினேன். நொண்டி நொண்டி நாலு எட்டு. புல்லில் போட்டேன். “இதோ இருக்கிறது, துவான்!” பார்த்துவிட்டால் தலை போகும். அந்த அவசரத்தில் மூன்றாவது குழியில் பந்தை முன்னுக்கு நகர்த்துவதற்குப் பதிலாகப் பின்னுக்கு நகர்த்திவிட்டேன்; அதற்கு இன்னொரு நடை நொண்ட வேண்டியிருந்தது.

பதினான்கு அடி.

“பாகுஸ்!” என்று அவர் என் முதுகில் தட்டினார். சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, என் கண்முன்னே சுப்பையாவின் பெயரைக் கோடு போட்டு அடித்து, தாளை என்னிடமே தந்தார். பார்த்தீர்களா, ஆட்டக்காரன் வாக்கு என்று உள்ளுக்குள் கூத்தாடினேன். திருட்டு ஆட்டம் ஆடியவன் நான்; யோக்கியர் அவர் என்று வெட்கம்கூட வந்தது.

பதினொன்றரைக்கு மீனாட்சியையும் கூட்டிக்கொண்டு, முகாமாக மாற்றியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மேசையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தமிழ்க் கிராணி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“யாருய்யா இத குடுத்தது?”

“பெரிய அதிகாரி. ஆளை விடச் சொல்லிவிட்டார்.”

“இது போன லிஸ்ட்டுய்யா. இதுல உள்ளவங்கள முந்தாநாளே ஏத்தியாச்சே.”

“பெயரை இப்போதுதானே அடித்தார்?”

“அடிப்பாரு. ஏத்தச் சொல்லி கையெழுத்து போட்டதும் அவருதான்.” குரலைத் தாழ்த்தினார். “சத்தம் போடாம வீட்டுக்குப் போங்க.”

மீனாட்சிக்கு அவர் தமிழ் புரியவில்லை. “அப்பா டியா சாகாப்?” என்ன சொல்கிறார் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான்தான் மலாயில் சொல்லவேண்டியிருந்தது: நான் சிரம்பானில் ரயிலேறியதற்கு முந்தைய நாளே சுப்பையாவைச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.