இர்ஃபானின் இடது குதிகால்

"நான் தோத்துட்டா அத்தாவோட லீவு வேஸ்ட்டாம்மா?"

போன மாதம் ஃபைனலுக்குப் புறப்படும்போது என் மகன் இர்ஃபான் கேட்டான். ஷூ லேஸைக் கட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல். "சீச்சீ, அப்படியெல்லாம் இல்லடா. தண்ணி பாட்டிலை எடுத்துக்க" என்றேன். அது ஒரு பதிலா?

இர்ஃபானுக்குப் பன்னிரண்டு வயது. பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். நான் பெற்றவள்... என் சாட்சியை விடுங்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், கோடையில் உளுந்து எடுத்த வயலைச் சமப்படுத்தி எழுவர் கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். வெயிலில் காய்ந்த அந்த மண், சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். ஊர் ஆண்களில் பாதிப் பேர் துபாயிலும் ஷார்ஜாவிலும். ஆட்டம் இங்கே நடக்கும். கைதட்டல் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வரும். இந்த வருடம் அதில் ஓடியதெல்லாம் இவன் வீடியோதான்.

முட்டை வாங்கப் போனால்கூட கடைக்காரர் விடமாட்டார். "நாலு சேத்துப் போட்டிருக்கேன் தங்கச்சி, புள்ளைக்குக் கொடுங்க. இந்தியாவுக்கு ஆடப்போற காலு!"

"கணக்குல பாஸானா போதும் பாய்."

"கணக்கு எதுக்கு? கோல் எண்ணத் தெரிஞ்சா போதாதா?"

சிரித்துவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்கு வந்ததும் அவன் கணக்கு நோட்டைத் தேடி எடுப்பேன்.

என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். பெருநாளுக்கு வைத்திருந்த லீவை மாற்றி, இந்த ஃபைனலுக்காக வந்தார். இரண்டு வருடம் கழித்து, இருபது நாள்.

ஃபைனல் அன்று காலை இர்ஃபான் மாடிப்படி இறங்குவதைப் பார்த்தேன். இடது குதிகால் தரையில் படாமல், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக...

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கேன்."

குதிகாலை அமுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டான். கூடத்தில் அவன் அத்தா யாரிடமோ போனில், "மாப்ள, மேட்ச் நாலரைக்குடா. வராம இருந்துடாத, என் மவன் ஆடுறான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

நான் கிரேப் பேண்டேஜை எடுத்தேன். இறுக்கிச் சுற்றினேன். மேலே சாக்ஸை இழுத்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இது ஒரு பழக்கம் — போனில் கெட்ட செய்தி சொல்வதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா? இறங்கிய பிறகு சொல்வோம். மாமியார் வழுக்கி விழுந்தாரா? தையல் பிரித்த பிறகு சொல்வோம். சொன்னால் அங்கே அவருக்குச் சோறு இறங்காது, அங்கிருந்து அவரால் என்ன செய்ய முடியும்? நியாயம்தான். ஆனால் அன்று அவர் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். அப்போதும் எனக்கு வாய் வரவில்லையே!

இர்ஃபான் இரண்டு கோல் போட்டான். அவனைத் தோளில் தூக்கியவர்கள் அவன் அத்தாவையும் தூக்கப் பார்த்தார்கள். விருந்தினராக வந்திருந்த சென்னைப் பயிற்சியாளர் ஒருவர், தங்கள் அகாடமி ஹாஸ்டலில் இடம் தருவதாகச் சொல்லி விண்ணப்பமும் கொடுத்தார்.

மறுநாள் காலை இர்ஃபானால் பாத்ரூம் வரை நடக்க முடியவில்லை.

மூவரும் தஞ்சாவூருக்குப் போனோம். "எத்தனை நாளா வலி?" என்றார் டாக்டர்.

"ஒரு மாசமா" என்றான் இர்ஃபான்.

"ஏன்டா சொல்லல?" — நான்தான் கேட்டேன்.

"அத்தா டிக்கெட் போட்டுட்டாங்கல்லம்மா."

யாரைப் பார்த்துக் கற்றான்? என்னைத் தவிர அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

"வளர்ற எலும்பும்மா. மூணு மாசம் பந்துகிட்டயே போகக் கூடாது. ஓய்வு கொடுத்தா சரியாயிடும். ஓட விட்டீங்க, இழுத்துக்கிட்டே போகும்" என்றார் டாக்டர்.

பேண்டேஜ் விஷயத்தைத் திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே" என்றார் அவர். நிறுத்தியிருப்பாரா? தெரியாது. அந்த வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை.

அவர் ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டார். அகாடமி விண்ணப்பம் மேஜை மேல் இருக்கிறது. எல்லாம் நிரப்பிவிட்டேன், ஒரு வரியைத் தவிர: 'காயம் ஏதேனும் உண்டா?'

"எழுதாத. எழுதினா இடம் போயிடும். கொஞ்ச நாள்ல ஆறிடும்" என்கிறார் அவர் போனில். இர்ஃபானைக் கேட்டால், "உங்க இஷ்டம்மா" என்கிறான்.

எழுதினால், எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு வந்த வாய்ப்பை நானே கெடுத்தவளாவேன். நாளைக்கு அவனே என்னைக் கேட்கலாம். எழுதாவிட்டால்? முதல் நாளே ஓடச் சொல்வார்கள். அவன் ஓடுவான். வலிக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியும்.

விளையாட்டு ஹாஸ்டலுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் உங்களில் இருப்பார்கள். இம்மாதக் கடைசிக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அந்த வரியில் நான் என்ன எழுதட்டும்? எனக்கு எழுதுங்கள். என் மனம் நோகுமே என்று மட்டும் எதையும் மறைத்துவிடாதீர்கள்.