கோகிலவாணி சொல்லாத அளவு

மலைமேல் திருப்புலி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடும் குடும்பத்தில் பிறந்த கோகிலவாணிக்கு வாசலூர்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்றுக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு அவளுடைய இன்னொரு வேலை தெரியாது. இருபது இருபத்தைந்து வருஷப் பழைய கம்ப்யூட்டர் சிப்புகளை, கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓடவைப்பாள். வேகம் கூடினால் சிப் கொதிக்கும். அதை அடக்கக் கடுங்குளிர் வேண்டும். அந்தக் குளிர் அப்பாசாமியிடம் கிடைத்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போட ஊர் ஊராகப் போகிறவர் அவர். ஊசி மருந்து கெடாமலிருக்க நைட்ரஜன் திரவத்தைக் கேனில் வைத்திருப்பார். மிஞ்சியதை இவளுக்குக் கொடுப்பார்.

"மாட்டுக்குக் கொண்டாரதைப் பொட்டிக்கு ஊத்துற ஒரே ஆளு நீதான் கண்ணு" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் பென்டியம் சிப் ஒன்றை ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது வரை ஏற்றினாள். அப்போது கடையில் நந்தகுமார் இருந்தான். கீழ்நாட்டிலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்த கம்ப்யூட்டர் வாத்தியார். இணையத்தில் பழைய சிப்புகளின் வேகப் பட்டியல் ஒன்று இருப்பதைச் சொன்னவனும் அவன்தான்.

"நானே ஏத்திவிடறேன் கோகிலா. உன் பேருலதான்."

படத்தையும் கம்ப்யூட்டர் தந்த பதிவையும் பென்டிரைவில் எடுத்துப்போனான். ஒரு வாரத்தில் பட்டியலில் வந்த பெயர் நந்தகுமார். அதன் கீழே அவள் தன் நியாயத்தை எழுதினாள். அவன் பதில் போட்டான்: "இவர் எனக்கு டைப் அடித்துத் தரும் மலைவாசிப் பெண். சிப் என்றால் கிழங்கு சிப்ஸ் என்று நினைத்துவிட்டார்." நாற்பது பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

கோகிலவாணி அழவில்லை. அந்த ஒரே சிப்பை இரண்டு வருஷம் படித்தாள். எவ்வளவு மின்சாரம் தாங்கும், எங்கே தடுமாறும் என்று எல்லாம் அவளுக்கு அத்துபடியானது. ஒன்று மட்டும் விசித்திரம். மைனஸ் தொண்ணூற்றைந்து டிகிரிக்குக் கீழே போனால் சிப் செத்ததுபோல் நின்றுவிடும். சூடு காட்டினால் எழுந்துகொள்ளும். இதை யாருக்கும் சொல்லவில்லை.

போன டிசம்பரில் நாமக்கல் கல்லூரி ஒன்றில் பழைய கம்ப்யூட்டர்களை வேகமாக ஓட்டிக் காட்டும் போட்டி நடந்தது. சிறப்பு விருந்தினர் நந்தகுமார். மாற்றல் வாங்கி அவன் கீழே போயிருந்தான். அப்பாசாமியின் பிக்கப்பில், கேனைக் கட்டி வைத்துக்கொண்டு, கோகிலவாணி மலை இறங்கினாள். அவன் பேசி முடித்ததும் எழுந்தாள்.

"சார், நீங்க ஓட்டுனதாச் சொல்ற சிப்பு என்கிட்டத்தான் இருக்குதுங்க. நைட்ரஜனும் இருக்குது. இன்னொருக்கா ஓட்டிக் காட்டுங்க."

மாணவர்கள் கைதட்டினார்கள். அவனால் பின்வாங்க முடியவில்லை.

ஈரம் இறங்காமலிருக்க போர்டில் வாஸ்லைன் பூசி, சிப்பின் மேல் செம்புக் குவளையை அவளே பொருத்திக் கொடுத்தாள். குளிர் கூடினால் வேகம் கூடும் என்பது மட்டுமே அவனுக்குத் தெரியும். ஊற்றினான். மீட்டர் மைனஸ் எழுபது காட்டியது. பிறகு எண்பது, தொண்ணூறு. பக்கத்தில் நின்றவள் வாய் திறக்கவில்லை. தொண்ணூற்றைந்தைத் தாண்டியதும் திரை கறுத்தது. பதறிப்போய் இன்னும் ஊற்றினான். அரைமணி நேரம் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. அவள் ஒவ்வொரு நிமிஷத்தையும் ருசித்தாள்.

"செத்த சிப்பைக் கொடுத்து ஏமாத்தறா!" என்று கத்தினான்.

அவள் முடி உலர்த்தும் கருவியைக் குவளையில் காட்டினாள். மைனஸ் எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் உயிர்த்தது. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பதைத் தொட்டு, ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தெட்டில் நின்றது. பிறகு தன்னிடமிருந்த பழைய பதிவை, அவன் பட்டியலில் ஏற்றியதற்கு முந்தைய தேதியோடு, பெரிய திரையில் போட்டாள். அவன் அன்று எழுதிய வரியையும் போட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் அவன் வழிமறித்தான். "குளிர் ஜாஸ்தின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாந்தானுங்க. சொல்லத் தோணலீங்க."

போட்டி நடத்தியவர்கள் எழுதிப்போட, பட்டியலில் அவன் பெயர் போய் அவள் பெயர் வந்தது. பத்து நாள் கழித்து அவன் மனைவி சுமித்ரா போன் செய்தாள்.

"அவரு ஊட்ட விட்டு வெளியவே போறதில்லீங்க. மன்னிச்சுட்டேன்னு அந்தப் பட்டியலுக்குக் கீழ ஒரு வரி எழுதுங்களேன்."

அந்தப் பெண்மேல் கோகிலவாணிக்குக் கோபமில்லை.

"மன்னிச்சா எழுதறேனுங்க. இன்னும் மன்னிக்கலீங்க" என்றாள். போனை வைத்துவிட்டு, ரேஷன் கார்டோடு காத்திருந்தவரிடம் எத்தனை நகல் வேண்டும் என்று கேட்டாள்.