டிபன் பாக்ஸில் போன மென்பொருள்

ஞானசௌந்தரி டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் அவள் பொறுப்பில் இருந்தது. மாணவிகளைத் திட்டுகிற அதே சுருதியில் கம்ப்யூட்டர்களையும் திட்டுவாள். இரு தரப்பும் அவளிடம் ஒழுங்காக நடந்துகொண்டன.

பெங்களூரில் வேலை பார்த்த தம்பி ஜோஷுவா அவளுக்கு ஒரு இயங்குதளத்தை சி.டி.யில் அனுப்பியிருந்தான். நல்ல சரக்குதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம். எந்த மென்பொருளும் ஆயத்தமாக வராது. அரிசியும் உளுந்தும் தனித்தனியாகக் கிடைப்பது மாதிரி மூல நிரலாக வரும். அவரவர் மெஷினில் போட்டு அரைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கு வந்த புதுப் பென்டியம் அரை நாளில் அரைப்பதைப் பழைய 486 இரண்டு நாள் அரைக்கும். அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால்தான்.

எதற்கு ஆளாளுக்கு அரைத்துச் சாக வேண்டும் என்று டீச்சர் ஒரு வழி செய்தாள். தன் மெஷினில் அரைத்து, ஆன மாவைப் பொதியாகக் கட்டி, பிளாப்பிகளில் பிரித்துப் போட்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடைத்து, சனிக்கிழமை பஸ்ஸில் வள்ளியூருக்குக் கொண்டுபோனாள். வாங்கிக்கொள்கிறவர்கள் இட்லி ஊற்றினால் போதும்.

வள்ளியூரில் வாங்கிக்கொள்கிறவள் கோமு. மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ஜவுளிக்கடை மாடியில், பழைய 486 மெஷின்களை வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். அதிர்ந்து பேசாத பெண். டீச்சருக்கு அவள் மேல் கூடப் பிறந்தவள் மாதிரிப் பிரியம். எல்லாருக்கும் பொதி கொடுத்தாலும் கோமுவுக்குக் கொடுக்கும்போது மட்டும் கூடவே அல்வாவும் போகும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அண்ணாச்சி மாடியேறி வந்து சொல்லிவிட்டார்.

"ஏம்மா கோமு, தீபாவளிச் சரக்கு வருது, எனக்கு எடம் வேணும். திங்கக்கெழம நம்ம கடை நோட்டீஸ இந்தப் பெட்டியில தமிழ்ல அடிச்சுக் காட்டு. காட்டிட்டேன்னா உன் பள்ளிக்கூடம் இருக்கட்டும். இல்லன்னா சேலைய அடுக்கிருவேன்."

கோமுவின் வீட்டில் இதற்காகத்தான் காத்திருந்தார்கள். பம்பாயில் அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வேலை போனால் கோமு கிளம்ப வேண்டியதுதான் என்று ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டார்கள்.

டீச்சர் விடுவாளா? தமிழில் அச்சுக்கோக்கும் மென்பொருளை அரைத்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே போய் இறங்கினாள். ஏற்றினார்கள். ஓட்டினார்கள். ஓட்டிய கணமே அது செத்து விழுந்தது. இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்று மெஷின் கையை விரித்தது. எல்லா மெஷினிலும் இதே கதை.

டீச்சர் முதலில் பிளாப்பியைத் திட்டினாள், பிறகு தூசியை. கடைசியில், "உன் மெஷினெல்லாம் கிழடு தட்டிப்போச்சுட்டி, நான் என்னத்தச் செய்ய?" என்றாள்.

கோமுவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பையத்தான் கேட்டாள்: "அக்கா, போன மாசம் நீங்க தந்ததெல்லாம் இங்கன நல்லாத்தான ஓடுது. அதுக்குப் பொறவு உங்க பக்கம் எதயாவது மாத்துனீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. மாற்றியிருந்தாள். இந்தச் சிப்புக்கென்றே அளவெடுத்து அரைத்தால் இன்னும் வேகமாக ஓடும் என்று எங்கோ படித்துவிட்டு, அப்படியே செய்யச்சொல்லி ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். புது மெஷின் பறந்தது. அந்தப் பெருமையில், அது பேசுகிற புதுக் கட்டளைகள் 486க்குப் புரியாது என்பதே மறந்துபோயிற்று. தன் அளவுக்குத் தைத்த ரவிக்கையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, உன் உடம்புதான் சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"தப்பு என் மேலதாம்ட்டி. திங்கக்கெழம காலைல வாரேன். நீ அழாத" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் வழியெல்லாம் அவள்தான் அழுதாள்.

மறுநாள் ஞாயிறு. அதிலும் அசனப் பண்டிகை. சர்ச் வளாகத்தில் பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். பாடகர் குழுவில் டீச்சர் இல்லாத அசனத்தை யாரும் பார்த்ததில்லை. அவளோ ஆராதனைக்கு மணி அடிக்கும்போது லேப் வாசலில் நின்றாள்.

"அசனத்தன்னைக்குமா டீச்சரம்மா பெட்டிய நோண்டணும்? கறி தீந்துரும்லா" என்றார் காவலாளி வேதமுத்து, சாவியைத் தேடிக்கொண்டே.

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க அண்ணாச்சி. எனக்கு ஒரு தூக்குல வாங்கிட்டு வாங்க."

அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, எந்தப் பழைய மெஷினுக்கும் ஒத்துக்கொள்ளும்படி மறுபடி முதலிலிருந்து அரைத்தாள். கரண்டை நிறுத்திவிடாதே ஆண்டவரே என்பதைத் தவிர அன்றைக்கு வேறு ஜெபம் செய்யவில்லை. சாயங்காலம் அரைத்து முடிந்ததும், மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய 486இல் போட்டு, ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆறிப்போன சோற்றில் கை வைத்தாள்.

திங்கட்கிழமை மாடியில் பிரிண்டர் கறகறவென்று இழுத்தது. கடைப்பெயர் தமிழில் இறங்கியது. அண்ணாச்சி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பேரு இன்னும் பெருசா வேணுமே?"

கோமு பெரிதாக்கினாள். அவர் இரண்டாவது தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியிலிருந்து அவர் குரல் கேட்டது: "ஏலே, சேலக்கட்ட மாடிக்குத் தூக்காதீங்கலே! கீழயே அடுக்குங்க!"

டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோமு அதற்குள் கீழே ஓடிக் கடைப் போனை எடுத்திருந்தாள்.

"அம்மா, பம்பாய் டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துரச் சொல்லு... இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல. எனக்கு இங்கன வேல இருக்கு."