நிமிஷத்துக்கு அறுபது

போன கிழமை அங்காலை மைதானத்தில் யாருக்கோ கல்யாணம். பொழுது மங்கியதும் வாணம் விட்டார்கள். மகள் வாங்கித்தந்த கைக்கடிகாரம் என் மணிக்கட்டில் அதிர்ந்தது. நாடி நூற்றிருபத்தெட்டாம், உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டது. நான் கதிரையில் இருந்து மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலால் வந்த கருமருந்து மணத்தோடு நான் ரியூசன் படித்த நல்லூர்ப் பக்கத்து ரியூற்றரிக் கொட்டிலும் உள்ளே வந்துவிட்டது. தொண்ணூறுக்குப் பிந்திய யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை. எங்கள் பௌதிகவியல் வகுப்பில் எல்லாருடைய மணிக்கூடும் செத்து, வெறும் காப்பாகக் கையில் கிடந்தது. ஊசல் ஆடுவதை எதை வைத்து அளப்பது? கோயில் விளக்கு ஆடியதைக் கலிலியோ தன் நாடியைப் பிடித்து அளந்தாராம் என்ற கதையை நம்பி, நாங்களும் நாடி பிடித்தோம். முன்வீட்டிலிருந்த, சாவி கொடுக்கும் மணிக்கூட்டோடு ஒத்துப் பார்த்ததில், என்னுடையதுதான் நிமிஷத்துக்குச் சரியாக அறுபது. அன்றிலிருந்து வகுப்பின் மணிக்கூடு நான். கையை நீட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோலத் திரிந்தேன்.

அதனால் நான் கலிலியோ கட்சி. பக்கத்து வாங்கில் இருந்த அருளப்பு ஐன்ஸ்டைன் கட்சி. தெற்கே கடற்கரையில் இருக்கும் குருநகரில் இருந்து சைக்கிளில் வருவான். தகப்பன் இல்லை, வலை பொத்தும் தாய் மட்டும்.

"பூசைக்குப் போய் விளக்கைப் பாத்தவனெல்லாம் ஒரு விஞ்ஞானியோடா? எங்கடை சுவாமியார் கண்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்."

"உன்ரை ஆள் மட்டும் என்னத்தைக் கிழிச்சவர்?"

"நேரம் எல்லாருக்கும் ஒண்டில்லை எண்டு சொன்னவர். ஓடுறவனுக்கு ஒண்டு, நிக்கிறவனுக்கு ஒண்டு. உன்ரை நாடி மூளைக்கு உது விளங்காது."

இன்னொரு கணக்கும் எங்களிடம் இருந்தது. குண்டின் வெளிச்சம் கண்டதும் எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்டதும் நிறுத்தி, முந்நூற்று நாற்பதால் பெருக்கினால் எத்தனை மீற்றர் தள்ளி விழுந்தது என்று வந்துவிடும். விடை பெரிதாக இருந்தால் சந்தோஷம்.

ஒரு பின்னேரம், மழை இருட்டு. பொம்மர் விமானம் தெற்கே சரிந்தது. பங்கருக்குள் முதலில் பாய்ந்தவன் நான். இரண்டாவதாகப் பாய்ந்தவனும் நீதான் என்று என்னை நக்கலடிப்பான் அருளப்பு. பனைகளுக்கு மேலே வெளிச்சம் அடித்தது. நாடியைப் பிடித்தேன். பிறகு சத்தம் வந்தது, மண் உதிர்ந்தது.

"எத்தினையடா?"

"பதினாலு."

ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். குருநகர் அங்கிருந்து இரண்டரைதான்.

"அப்ப கடலுக்கை," என்றான்.

"ஓமடா. மீன்தான் செத்திருக்கும்."

"வடிவாப் பிடிச்சனியோ? அம்மா தனிய நிக்கிறா."

"என்ரை நாடியில உனக்குச் சந்தேகமோ?"

நம்பினான். வெளியே வந்து, நியூட்டனையும் இழுத்துவைத்து அரைமணி நேரம் சண்டை பிடித்தோம். அப்போது தெருவால் சைக்கிளில் போனவர் நிற்காமலே கத்தினார்: "குருநகரிலையாம்!"

பயத்தில் என் நாடி இரட்டிப்பாக ஓடியிருக்கிறது. பதினாலு துடிப்பு, ஏழு விநாடி. ஏழை முந்நூற்று நாற்பதால் பெருக்கினால் அருளப்புவின் வாசல்.

அவன் போய்ச் சேர்ந்தபோது தாய் கண்மூடிவிட்டார். கடைசிவரை இவனைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தாராம். உடனே ஓடியிருந்தால் முகமாவது பார்த்திருப்பான்.

அடக்கத்தன்று சவக்காலையில் அவன் அழவில்லை, நான்தான் அழுதேன். தோளில் கைபோட்டான்.

"விடடா. பயந்தவனுக்கு வேறை நேரம். ஐன்ஸ்டைன்தான் வெண்டிட்டார்."

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது கொடிகாமம் வரை ஒன்றாக நடந்தோம். அங்கே சனத்துக்குள் அவனைத் தவறவிட்டவன், இன்றுவரை காணவில்லை. ரியூற்றரி இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. கண்ணாடிப் பெட்டி நிறையப் பற்றரி.

"வழமையா உங்கடை நாடி எத்தினை, அப்பா?" என்று கேட்டாள் மகள், கடிகாரத்தை எட்டிப் பார்த்தபடி.

அறுபது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அந்த அறுபதை நான் கண்டதே இல்லை.

மைதானத்தில் மறுபடி வெளிச்சம். சத்தம் வருமுன் நாடி பிடித்து நாலு எண்ணினேன். பாதியாக்கி, இரண்டு என்று வைத்துக்கொண்டேன்.